புறக்கணிப்பு என்னும் சுகம்

"நம்மை ஜெயிலில் போடுகிற நாட்டுக்கு நாம் ஏன் காசைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்?"

தன்பாலீர்ப்பாளர்கள் நாலு பேர் கூடி, விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் இந்தக் கேள்வி வந்து விழும். விழுந்ததும் பேச்சு அடங்கிவிடும். கேட்டவர் கொள்கைவாதி. அதுவரை மாலத்தீவுக்கு டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருந்தவர் குற்றவாளி. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபியை உறிஞ்சுவார்.

மறுக்கப்போகிற வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுகிறேன். உலகத்தில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே பாலினத்தவரின் உறவு இன்றும் குற்றம். உகாண்டா 2023இல் கொண்டுவந்த சட்டத்தில் ஆயுள் தண்டனை இருக்கிறது. சில சூழல்களுக்கு மரண தண்டனையும் இருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் நாம் செலவழிக்கிற பணத்தில் ஒரு பங்கு வரியாக அரசுக்குப் போகிறது. நம்மவரைப் பிடிக்கிற போலீஸ்காரருக்கு அதிலிருந்துதான் சம்பளம். கடற்கரையில் நாம் சிரித்தபடி எடுக்கிற படம் அந்த அரசுக்கு ஓசி விளம்பரம். போனால் ஒளிந்து ஒளிந்து நடக்க வேண்டும். அது சுயமரியாதைக்கு இழுக்கு. மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஆள் கிடையாது. நிறவெறி பிடித்த தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கிவைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தது. இங்கேயும் அதுதான் வழி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில வருடங்கள் நானும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது வரிக்கு வரி ஓட்டை தெரிகிறது.

ஒன்று. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி காலைவரை இந்தியாவும் உங்கள் கறுப்புப் பட்டியலில்தான் இருந்தது. மெக்காலேயின் வரைவிலிருந்து 1860இல் சட்டமான 377ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம் என்றது. அந்த நாட்களில் பெர்லினில் இருந்த ஒருவர், இந்தியாவுக்கு வரவே மாட்டேன் என்று விரதம் எடுத்திருந்தால் சென்னையில் இருந்த எனக்கு அதனால் என்ன வந்திருக்கும்? 2009 ஜூனில் மெரினாவில் முதல் வானவில் பேரணி போனபோது, சுண்டல் வாங்குகிறவன்போலத் தள்ளி நின்று பார்த்தவன் நான். ஊர்வலத்தில் நடந்தவர்களில் ஒவ்வொரு முகமும் எனக்குத் தைரியம் கொடுத்தது. அந்த முகத்தின் பாஸ்போர்ட்டை நான் கேட்கவில்லை.

சரி, 377 எப்படி விழுந்தது? 2001இல் நாஸ் அறக்கட்டளை டெல்லியில் வழக்குப் போட்டது. 2009 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. மறுபடி மனுக்கள், மறுபடி வாதங்கள், கடைசியில் 2018. மனுதாரர்களில் நவ்தேஜ் சிங் ஜோஹர் நடனக் கலைஞர். கேசவ் சூரி யார் தெரியுமா? லலித் ஓட்டல் குழுமத்தைச் சேர்ந்தவர். பயணிகளுக்கு அறை கொடுத்துப் பிழைக்கிற தொழிலில் இருக்கும் ஒருவர்தான் நீதிமன்றப் படியேறி அந்தப் பிரிவை எதிர்த்தார். உங்கள் புறக்கணிப்பு முதலில் அடித்திருக்கக்கூடிய தொழில் அது. மொரிஷியஸில் 2023 அக்டோபரில் சட்டம் விழுந்ததும் இதே மாதிரிதான். அந்த ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு, அந்த ஊர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சுற்றுலாவை நம்பி வாழும் தீவு அது. கூட்டம் கூட்டமாக வெள்ளைக்காரப் பயணிகள் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

பட்டியலின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். எகிப்தின் சட்டப் புத்தகத்தில் தன்பாலுறவு என்ற சொல்லே குற்றமாக எழுதப்படவில்லை. 1961ஆம் வருட விபசாரத் தடுப்புச் சட்டத்தில் உள்ள 'ஒழுக்கக்கேடு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் அங்கே ஆட்களைப் பிடிக்கிறார்கள். சட்டத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் எகிப்து தப்பித்துக்கொள்ளும், இலங்கை மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் டெக்சாஸ் உள்ளிட்ட மாநிலங்களில் 2003வரை இதே குற்றம் சட்டத்தில் இருந்தது. அன்று நியூயார்க்கைப் புறக்கணித்தவர் எத்தனை பேர்? 2023 ஆகஸ்டில் கனடா அரசே, அமெரிக்காவுக்குப் போகிற தன் நாட்டுப் பால்புதுமையினரை (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலியோரை), மாநிலச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று எச்சரித்தது. பிறகும் டிஸ்னிலேண்ட் போனவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ஏழை நாடு என்றால் கொள்கை, பணக்கார நாடு என்றால் விசா நேர்காணல்.

இரண்டு. தென்னாப்பிரிக்காவைத் துணைக்கு இழுக்காதீர்கள்.

அந்தப் புறக்கணிப்பை ஆரம்பித்தது யார்? 1959இல் லண்டனில் இயக்கம் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்தது, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி விடுத்த வேண்டுகோள். அடிபடுகிறவர்கள் தாங்களே சொன்னார்கள்: எங்கள் நாட்டுச் சரக்கை வாங்காதீர்கள்; அதனால் எங்களுக்கும் வலிக்கும், தெரிந்துதான் சொல்கிறோம். வலியைத் தாங்கப்போகிறவர் கொடுத்த அனுமதி அது. எது நடந்தால் புறக்கணிப்பு நிற்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இங்கே அந்த அனுமதி எங்கே? கொழும்பில் 2005 முதல் பெருமித விழா நடத்துகிறவர்கள் உங்களை வராதே என்றார்களா? கோலாலம்பூரில் இருப்பவர்கள் சொன்னார்களா? கேட்காமலே அவர்கள் சார்பில் முடிவெடுப்பதற்குத் தோழமை என்று பெயரில்லை.

எதிர்த்தரப்பின் மிகச் சிறந்த சாட்சியை நானே கூண்டில் ஏற்றுகிறேன். 2019 ஏப்ரல் 3ஆம் தேதி புருனே, கல்லெறிந்து கொல்லும் தண்டனை உள்ள சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நடிகர் ஜார்ஜ் குளூனி, பாடகர் எல்டன் ஜான் முதலியோர், புருனே அரசு முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமான ஒன்பது ஆடம்பர ஓட்டல்களைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். மே 5ஆம் தேதி சுல்தான், மரண தண்டனை நிறுத்திவைப்பு தொடரும் என்று அறிவித்தார். வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது ஓட்டல்கள் எங்கே இருந்தன? இங்கிலாந்து, லாஸ் ஏஞ்சல்ஸ், பாரிஸ், ரோம், மிலான். புருனேயில் ஒன்றுகூட இல்லை. முதலாளி யார் என்று தெரிந்தது, அவருடைய கல்லாப்பெட்டி எது என்று தெரிந்தது, அதைப் பார்த்து அடித்தார்கள். தலைநகர் பந்தர் செரி பெகாவானில் நாசி கத்தோக் சோறு விற்கும் அம்மாவுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. அப்படி ஒரு புறக்கணிப்பு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது. நீங்கள் சொல்வது ஒரு முழு நாட்டை. புருனேயின் அந்தச் சட்டமும் இன்னும் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது என்பதை ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று. பயணிகள் வராமல் போனால் சட்டம் மாறுமா? சோதித்தே பார்த்தாயிற்று.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. 1995இல் சட்டத்தைத் திருத்தும்போது பெண்களையும் சேர்த்துக் குற்றவாளிகளாக்கினார்கள். சமத்துவம்! அந்த நாட்டுக்கு 2018இல் 23 லட்சம் பயணிகள் வந்தார்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுகள், அடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. உலகத்தின் எல்லாத் தன்பாலீர்ப்பாளர்களும் ஒன்றுசேர்ந்து புறக்கணித்திருந்தாலும் இந்த அளவு வீழ்ச்சியை உண்டாக்கியிருக்க முடியாது. பிறகு 2022இல் பெட்ரோல் வரிசை, மின்வெட்டு, அதிபர் ஓட்டம். ஆட்சி விழுந்தது. 365அ விழவில்லை.

யார் விழுந்தார்கள் என்றால், ஆட்டோக்காரர், சிகிரியா வாசலில் இளநீர் வெட்டுபவர், காலி நகரில் நாலு அறை வைத்து விடுதி நடத்தியவர், அந்த விடுதியில் படுக்கை விரித்த பையன். அந்தப் பையன் நம்மவனாகவும் இருக்கலாம். வீட்டில் உண்மையைச் சொல்ல முடியாத ஒருவனுக்குக் கையில் சொந்தச் சம்பளம் இருப்பதும் இல்லாமல் போவதும் என்ன வித்தியாசம் என்று நம் சமூகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் பெண் பார்த்து வைத்திருப்பார்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. 2023இல் பிரேம்நாத் டொலவத்த என்ற எம்பி இந்தப் பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயணிகள் திரும்பி வரத் தொடங்கியிருந்த சமயம். 2025 செப்டம்பரில் நாட்டின் சுற்றுலா மேம்பாட்டு அதிகாரசபையே பால்புதுமைப் பயணிகளை வரவேற்கும் திட்டத்துக்கு ஆதரவு தெரிவித்துக் கடிதம் கொடுத்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் கொதித்து எழுந்தார். சண்டை மூண்டது. ஆனால் ஓர் அரசு அலுவலகத்தை நம் பக்கம் ஒரு கடிதம் எழுதவைத்தது எது? வரக்கூடிய பயணி. வரமாட்டேன் என்றவருக்காக எந்த அதிகாரியும் பேனாவைத் திறக்க மாட்டார்.

பெரிய பணத்தின் கதையும் இதுதான். உகாண்டாவின் சட்டம் வந்ததும் 2023 ஆகஸ்டில் உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே காப்பாற்றியது. உலக வங்கியால் அசைக்க முடியாததை என் ஒரு வார ஓட்டல் பில் அசைத்துவிடும் என்று நம்புவது என் மதிப்பை நானே கூட்டிச் சொல்லிக்கொள்வது.

நான்கு. சுயமரியாதை என்ற பேச்சு.

இலங்கையின் நுவரெலியாவில் ஒரு சின்ன விடுதி. நல்ல குளிர். வரவேற்பு மேசையில் மலையகத் தமிழ்ப் பையன். "ரெண்டு கட்டில் ரூம் இல்லண்ணே. பெரிய கட்டில் ஒண்ணுதான் இருக்கு. சமாளிச்சுக்குவீங்களா?" என்று என்னையும் என் துணைவரையும் பார்த்துக் கவலையோடு கேட்டான். சமாளித்துக்கொள்கிறோம் தம்பி என்றோம். எங்களுக்குப் பின்னால் நின்றது ஓர் ஆணும் பெண்ணும். அவர்களிடம் அடையாள அட்டை கேட்டான், கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான், பெண் முகம் சிவந்துபோய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுச் சிறைக்கு உரிய குற்றவாளிகள் நாங்கள். சாவியோடு ஒரு வெந்நீர் பாட்டிலும் கிடைத்தது.

மறுநாள் தேநீர் கொண்டுவந்தவன், "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்றான். ஒரே ஆபீஸ் என்றோம். பொய்தான். இந்தப் பொய்யைத்தான் சுயமரியாதைக்காரர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்: பார், உன்னை நீயே மறுத்தாய்! ஐயா, வளசரவாக்கத்தில் எங்கள் வீட்டு ஓனரிடம் நாங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 377 போய் இத்தனை வருடம் கழித்தும் அப்படித்தான். பொய் சொல்லாத இடத்துக்குத்தான் போவேன் என்றால் நான் என் வீட்டுக்கே போக முடியாது. ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறவருக்கு இந்த ஒளிவு இரண்டு வாரம். தேநீர் கொண்டுவருகிற பையன் நம்மவனாக இருந்தால் அவனுக்கு ஆயுள் முழுக்க. அந்த இரண்டு வாரத்தைப் பெரிய அவமானமாகப் பேசுவது அவனுக்கு எப்படிக் கேட்கும்?

ஒளிந்துகொள்ள இந்தத் திரை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. பாஸ்போர்ட்டில் ஒரு பாலினமும் தோற்றத்தில் ஒரு பாலினமுமாக இருக்கிற திருநங்கைக்கு விமான நிலைய கவுன்டரிலேயே வம்பு தொடங்கிவிடும். அவரிடம் போய் தைரியமாகக் கிளம்பு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போகாதே என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

ஐந்து. ஆபத்து என்கிறீர்கள். யாருக்கு?

எகிப்தில் போலீஸ்காரர்கள் டேட்டிங் செயலிகளில் பொய்ப் பெயரோடு கணக்குத் திறந்து ஆட்களை வரவழைத்துப் பிடிக்கிறார்கள். பிடிபட்டவரின் போனைப் பிடுங்கி அடுத்த ஆளைத் தேடுகிறார்கள். 2017இல் கெய்ரோவில் ஓர் இசை நிகழ்ச்சியில் வானவில் கொடியைத் தூக்கிப் பிடித்த சாரா ஹெகாசி சிறையில் சித்திரவதைப்பட்டு, கனடாவில் தஞ்சம் புகுந்து, 2020இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எகிப்துக்காரர். பயணியாக வருகிறவர் பிடிபட்டால் அவருக்குத் தூதரகம் இருக்கிறது, நாடுகடத்தல் என்ற கதவு இருக்கிறது. துன்பம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய போனில் இருக்கிற உள்ளூர் நண்பரின் படத்துக்குத் தூதரகம் கிடையாது.

ஆகவே 'போகலாமா கூடாதா' என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள், போனவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஐந்து நிமிடம்கூடப் பேசுவதில்லை என்பதே என் பெரிய குறை. உள்ளூர்க்காரரோடு எடுத்த படத்தைப் போடாதே. செயலியில் பழகியவரின் பெயரையும் இடத்தையும் போனில் வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதே. அவர் சந்திக்கச் சொல்கிற இடத்தில் சந்தி. இவ்வளவுதான் விஷயம், இதில் வீரம் எதுவும் இல்லாததால் யாரும் பேசுவதில்லை போலிருக்கிறது.

வீரத்தின் விலையை மலேசியா பார்த்தது. 2023 ஜூலை 21ஆம் தேதி கோலாலம்பூருக்கு அருகே நடந்த இசை விழாவில் 'தி 1975' என்ற ஆங்கிலேயக் குழுவின் பாடகர் மேட்டி ஹீலி, மேடையில் அந்நாட்டுச் சட்டத்தைத் திட்டிவிட்டு, தன் குழுவிலிருந்த இன்னோர் ஆணை முத்தமிட்டார். மறுநாள் அரசு மூன்று நாள் விழாவின் மீதியை ரத்து செய்தது. குழு விமானம் ஏறிவிட்டது. ஆறு மாநிலங்களில் தேர்தல் மூன்று வாரத்தில். மதவாதக் கட்சிகளுக்கு அல்வா கிடைத்த மாதிரி. கோபப்பட்டவர்களில் முன்வரிசையில் நின்றது உள்ளூர்ப் பால்புதுமையினர். எங்களைக் கேட்காமல் எங்களுக்காக ஏன் குதித்தாய் என்றார்கள். போகாதே என்பவரும் போய்க் குதிப்பவரும் எனக்கு ஒரே ஆளாகத்தான் தெரிகிறார்கள். இருவருக்கும் உள்ளூர்க்காரர் வெறும் பின்னணித் திரை.

சிங்கப்பூர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. ஹாங் லிம் பூங்காவில் 2009 முதல் 'பிங்க் டாட்' கூட்டம் நடத்தினார்கள். 2017இல் வெளிநாட்டவர் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் தடுத்தது. பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். வெளிநாட்டு நிறுவனங்களின் நன்கொடையும் நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் கைகொடுத்தன. 'மேற்கத்திய இறக்குமதி' என்ற வசவு அதோடு பல்லிழந்தது. 2022 நவம்பரில் நாடாளுமன்றம் அந்நாட்டின் 377அ பிரிவை நீக்கியது. இதற்கிடையில் அந்த ஊருக்குச் சுற்றுலா போய் வந்த தன்பாலீர்ப்பாளர்கள் எத்தனையோ பேர். அவர்களால் போராட்டம் கெடவில்லை. தடுப்புக்கு வெளியே நிற்க வேண்டிய நேரத்தில் வெளியே நின்றார்கள், அவ்வளவுதான்.

ஓர் இடத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு ஒத்துப்போகிறேன். பயணி வேறு, விளம்பரதாரர் வேறு. 2023 ஜனவரியில் பாடகி பியான்சே துபாயில் ஒரு சொகுசு ஓட்டல் திறப்புக்குக் கூலி வாங்கிக்கொண்டு பாடினார். கறுப்பினப் பால்புதுமையினரின் நடன இசையிலிருந்து உருவான தன் அப்போதைய புதிய ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூடப் பாடவில்லை. யாருடைய இசையை எடுத்தாரோ அவர்களை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். அவரைக் கேளுங்கள், கத்தாருக்குத் தூதராகக் கையெழுத்துப் போட்ட கால்பந்துக்காரர் பெக்காமைக் கேளுங்கள். துபாயில் கட்டடம் கட்டப் போன திருநெல்வேலிக்காரனைக் கேட்காதீர்கள். அவனும் நம்மவனாக இருக்கலாம். அவனுக்கு அது 'பயண இலக்கு' கிடையாது, வட்டிக் கடன்.

உகாண்டாவின் கம்பாலாவுக்கு நான் போவேனா? இன்றைக்கு மாட்டேன். பயம். பயத்துக்குக் கொள்கை என்று பெயர் சூட்டி மற்றவர் தலையில் கட்ட மாட்டேன்.

டொரன்டோவில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆறு வயதில் போனவர். அம்மம்மா இறந்து முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். எட்டு வருடமாகக் கூட வாழும் கனடாக்காரத் துணைவரும் வருகிறேன் என்றார். அங்கேயுள்ள முற்போக்கு நண்பர்கள் வழிமறித்தார்கள்: அந்தச் சட்டம் உள்ள நாட்டுக்கா, உன் பணத்தையா? பேச்சு முற்றி இரண்டு பேரோடு உறவே முறிந்ததாம். இருவரும் போனார்கள். வீட்டில் சாவுச் சொந்தம் நிறைந்திருந்தது. இரவு பெரியம்மா இரண்டு பாயை எடுத்துவந்து, ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். தலையணை தட்டிப் போட்டார். வாசலில் திரும்பி நின்று நண்பரிடம் கேட்டார்:

"உந்தப் பிள்ளை உறைப்புச் சாப்பிடுமோ?"